நேற்றுப் பிறந்த நாடுகள்: வாசகர் கேள்வி–பதில்

திமோர் லெஸ்தே ஆசியானின் 11வது உறுப்பினராகச் சேர்ந்ததைப் பற்றி இந்தப் பகுதியில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களும் மின்னஞ்சல்களும் நிறைய, அதில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: இந்தக் காலத்தில் ஒரு நாடு புதிதாக எப்படிப் பிறக்கிறது? அதனால் வழக்கமான வீவக வீடு, மத்திய சேமநிதிக் கேள்விகள் அடுத்த இதழில். இந்த முறை முழுக்க இதுதான்.

*

பள்ளியில் புதிர்ப்போட்டி. உலகின் ஆக இளைய மூன்று நாடுகளைச் சொல்லச் சொன்னார்கள். நாங்கள் தென் சூடான், மாண்டெனெக்ரோ, திமோர் லெஸ்தே என்றோம். எதிரணி தென் சூடான், கொசோவோ, மாண்டெனெக்ரோ என்றது. மதிப்பெண் அவர்களுக்குப் போனது. இது நியாயமா ஐயா?
– உயர்நிலை 3 மாணவர், பொங்கோல்

தம்பி, உங்கள் அணிக்கும் மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும். ஐநா உறுப்பு நாடுகள் என்ற கணக்கில் நீங்கள் சொன்னதுதான் சரி. திமோர் லெஸ்தே 2002ல் 191வது உறுப்பினர், மாண்டெனெக்ரோ 2006ல் 192வது, தென் சூடான் 2011 ஜூலை 14ஆம் தேதி 193வது. அதற்குப் பிறகு இன்னும் யாரும் சேரவில்லை.

கொசோவோ 2008 பிப்ரவரி 17ஆம் தேதி செர்பியாவிலிருந்து சுதந்திரத்தை அறிவித்தது. 100க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. சிங்கப்பூரும் 2016 டிசம்பரில் ஏற்றது. ஆனால் செர்பியா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை, ரஷ்யாவும் சீனாவும் ஒத்துக்கொள்ளவில்லை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா என்று ஐந்து நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஐநாவில் சேர வேண்டுமானால் முதலில் பாதுகாப்பு மன்றத்தில் 15க்கு 9 வாக்கு வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவர்கூட எதிர்க்கக் கூடாது, அப்புறம் பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கொசோவோ அந்த முதல் வாசலிலேயே நிற்கிறது. அனைத்துலக நீதிமன்றம் 2010ல் கொசோவோவின் அறிவிப்பு அனைத்துலகச் சட்டத்தை மீறவில்லை என்று கருத்துச் சொன்னது. ஆனாலும் அந்தக் கருத்தால் ஐநா வாசல் திறக்கவில்லை.

இத்தனைக்கும் அவர்களிடம் அரசாங்கம் இருக்கிறது, ஃபிஃபாவில் இடம் பெற்ற காற்பந்து அணி இருக்கிறது, 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜூடோவில் மைலிண்டா கெல்மெண்டி வாங்கிக் கொடுத்த தங்கப் பதக்கமும் இருக்கிறது. கேள்வித்தாளில் “ஐநா உறுப்பு நாடுகளில்” என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. உங்கள் ஆசிரியரிடம் இதைக் காட்டுங்கள்.

*

என் சித்தப்பா சிங்கப்பூர் ஆயுதப் படை மருத்துவக் குழுவோடு திமோருக்குப் போனவர். அங்கே பார்த்த எரிந்த வீடுகளைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். திமோர் சுதந்திரம் பெற்றது போர்ச்சுகலிடமிருந்தா, இந்தோனீசியாவிடமிருந்தா? 1975, 1999, 2002 என்று ஆளுக்கொரு ஆண்டு சொல்கிறார்களே?
– வாசகி, ஈசூன்

மூன்று ஆண்டுகளுமே சரி அம்மா. நம் வட்டாரத்திலேயே நடந்த கதை இது, ஆனால் நம்மில் பலருக்குச் சரியாகத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திமோர் தீவின் கிழக்குப் பாதி, அதாவது இன்றைய திமோர் லெஸ்தே, போர்ச்சுகலிடமும் மேற்குப் பாதி டச்சுக்காரர்களிடமும் இருந்தது. டச்சுப் பகுதி இந்தோனீசியாவோடு போய்விட்டது. 1974 ஏப்ரலில் லிஸ்பனில் ராணுவமே சர்வாதிகாரத்தைக் கவிழ்க்க, புதிய ஆட்சி காலனிகளை விட்டுவிட முடிவு செய்தது. கிழக்குத் திமோரில் கட்சிகள் முளைத்தன, அவற்றுக்குள் குறுகிய உள்நாட்டுச் சண்டையும் வந்தது, வென்ற ஃபிரெட்டிலின் கட்சி 1975 நவம்பர் 28ஆம் தேதி தனி நாடு என்று அறிவித்தது. ஒன்பதே நாள். டிசம்பர் 7ஆம் தேதி இந்தோனீசியப் படை தலைநகர் டிலியில் இறங்கியது. அதற்கு முதல் நாள்தான் அமெரிக்க அதிபர் ஃபோர்டும் அவருடைய வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சரும் ஜகார்த்தாவில் இந்தோனீசிய அதிபர் சுகார்த்தோவைச் சந்தித்துவிட்டுப் போயிருந்தார்கள். கம்யூனிசப் பயம் எல்லோரையும் ஆட்டிய காலம், வியட்னாம் விழுந்த வருஷம், ஒரு சின்னத் தீவுக்காக ஜகார்த்தாவைப் பகைத்துக்கொள்ள பெரிய நாடு எதுவும் முன்வரவில்லை. அந்த டிசம்பரில் ஐநா பொதுச் சபையில் இது வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆசியானின் மற்ற நாடுகள் இந்தோனீசியாவின் பக்கம் நிற்க, சிங்கப்பூர் வாக்களிக்காமல் விலகி நின்றது. ஜகார்த்தாவுக்கு அதுவே கோபம். சிறிய நாடு ஒன்றைப் பெரிய அண்டை நாடு விழுங்குவதை நாம் கைதூக்கி ஆதரித்தால், நாளை நமக்கு நேர்ந்தால் எந்த முகத்தோடு பேசுவது?

அதன் பின் 24 ஆண்டுகள். பட்டினியிலும் நோயிலும் துப்பாக்கியிலும் குறைந்தது ஒரு லட்சம் பேர் மாண்டதாகத் திமோரின் உண்மை அறியும் ஆணையம் பின்னாளில் கணக்கிட்டது. வெளியுலகம் அதைக் கண்ணால் பார்த்தது 1991 நவம்பர் 12ஆம் தேதிதான். டிலியின் சாண்டா குரூஸ் கல்லறைத் தோட்டத்துக்கு, சில நாள்களுக்கு முன் கொல்லப்பட்ட ஓர் இளைஞனுக்காகப் பூவோடும் பதாகையோடும் ஊர்வலமாகப் போனவர்கள்மீது படையினர் சுட்டார்கள். மேக்ஸ் ஸ்டால் என்ற பிரிட்டிஷ் படப்பிடிப்பாளர் கல்லறைகளுக்கு நடுவே நின்று அதைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். தன்னைப் பிடித்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் ஒளிநாடாவைப் புதிதாக வெட்டிய ஒரு புதைகுழியில் புதைத்துவிட்டார். கைதாகி விடுபட்ட பிறகு இருட்டில் திரும்பி வந்து தோண்டி எடுத்தார், அது நாட்டைவிட்டு ரகசியமாக வெளியே போனது. அந்தப் படம் இல்லாவிட்டால் திமோர் இன்னும் பல வருஷம் செய்தியின் ஓரத்திலேயே கிடந்திருக்கும் என்பது என் எண்ணம். 1996ல் திமோரின் பிஷப் பெலோவுக்கும் ஹோசே ராமோஸ் ஹோர்ட்டாவுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. போராளித் தலைவர் சனானா குஸ்மாவோ அப்போது ஜகார்த்தா சிறையில் இருந்தார்.

1998ல் நாணய நெருக்கடியில் சுகார்த்தோ வீழ்ந்தார். அடுத்து வந்த ஹபிபி, யாரும் நினைக்காத விதமாக, திமோர் மக்களையே கேட்டுவிடலாம் என்றார். 1999 மே மாதம் நியூயார்க்கில் இந்தோனீசியாவும் போர்ச்சுகலும் ஐநாவும் கையெழுத்திட்டன. போர்ச்சுகல் எதற்கு என்று கேட்காதீர்கள், ஐநாவின் கணக்கில் திமோர் அதுவரை போர்ச்சுகலின் பொறுப்பிலிருந்த பகுதிதான், இந்தோனீசியா சேர்த்துக்கொண்டதை ஐநா ஒரு நாளும் ஏற்கவில்லை. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: காகிதத்தில் போர்ச்சுகலிடமிருந்து, நிஜத்தில் இந்தோனீசியாவிடமிருந்து.

ஆகஸ்ட் 30ஆம் தேதி வாக்கெடுப்பு. இந்தோனீசியாவுக்குள் சிறப்புத் தன்னாட்சியை ஏற்கிறீர்களா, நிராகரிக்கிறீர்களா? நிராகரித்தால் தனி நாடு. இந்தோனீசியா பக்கம் நின்ற துணைப்படைகள் மாதக்கணக்காக மிரட்டிக்கொண்டிருந்தன. ஆனாலும் மக்கள் விடிவதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற மாதிரி நல்ல துணி உடுத்திக்கொண்டு, மலைக் கிராமங்களிலிருந்து நடந்தே வந்து வரிசையில் நின்றார்கள். வாக்களித்த கையோடு பலர் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள், என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பதிவு செய்தவர்களில் 98 விழுக்காட்டுக்கும் மேல் வாக்களித்தார்கள், அதில் 78.5 விழுக்காட்டினர் தனி நாடு என்றார்கள். செப்டம்பர் 4ஆம் தேதி முடிவு வெளியானதுமே எரிப்பு உச்சத்துக்குப் போனது. 1,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், கால் மில்லியன் பேர் மேற்குத் திமோருக்குத் துரத்தப்பட்டார்கள், பள்ளி, மருத்துவமனை, மின்கம்பி ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. உங்கள் சித்தப்பா பார்த்த வீடுகள் அவைதான். செப்டம்பர் 20ஆம் தேதி ஆஸ்திரேலியா தலைமையிலான படை இறங்கியது, சிங்கப்பூர் மருத்துவக் குழுவும் அந்த முயற்சியில் சேர்ந்தது. பின்னர் ஐநா அமைதிப்படைக்கே சிங்கப்பூரின் மேஜர் ஜெனரல் டான் ஹக் கிம் தளபதியாக இருந்தார்.

இரண்டரை ஆண்டு ஐநாவே திமோரை ஆட்சி செய்தது. 2002 மே 20ஆம் தேதி ஆட்சி திமோரியர் கைக்கு வந்தது, சனானா அதிபரானார், விழாவுக்கு இந்தோனீசிய அதிபர் மேகவதியும் வந்தார். திமோர் நாட்காட்டியில் நவம்பர் 28ம் விடுமுறை, மே 20ம் விடுமுறை. சித்தப்பாவை அவர் நினைவில் இருப்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லுங்கள் அம்மா. நம் பிள்ளைகள் படிக்க வேண்டிய கதை அது.

*

மாண்டெனெக்ரோ வாக்கெடுப்பில் 55 விழுக்காடு வேண்டும் என்று விதி வைத்தார்களாமே? பாதிக்கு மேல் என்றால் போதாதா?
– வாசகர், தெம்பனிஸ்

செர்பியாவிலிருந்து பிரிவதற்கான வாக்கெடுப்பு அது. பாதிக்கு ஒரு வாக்கு கூட வந்தால், தோற்றவர்கள் அதை ஏற்பார்களா என்ற பயம்தான். யூகோஸ்லாவியா உடைந்தபோது பொஸ்னியாவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் நடுவில் நின்று, பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும், அதில் 55 விழுக்காடு வேண்டும் என்று சொன்னது, இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. 2006 மே 21ஆம் தேதி வந்த முடிவு 55.5. எல்லைக்கோட்டைத் தாண்டியது ஏறத்தாழ 2,000 வாக்குகளில். இங்கே ஒரு பேட்டையில் உள்ள நாலைந்து புளோக்கு மக்கள் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும்! ஜூன் 3ஆம் தேதி சுதந்திரம் அறிவித்தார்கள், அதே மாதம் செர்பியா அங்கீகரித்தது, ஜூன் முடிவதற்குள் ஐநாவில் இடம். ஒரு துப்பாக்கிச் சூடும் இல்லை. 55 என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் கிடையாது, அந்த எண்ணை வாக்கெடுப்புக்கு முன்பே இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டதுதான் வேலை செய்தது.

*

தென் சூடானில் ஏறக்குறைய எல்லோருமே பிரிவினைக்கு வாக்களித்தார்கள் என்று படித்தேன். சூடான் அதிபரே விழாவுக்கு வந்தாராம். பிறகு ஏன் இவ்வளவு ரத்தம்?
– தாதி, ஜூரோங் வெஸ்ட்

இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி. மற்றக் கேள்விகளுக்கெல்லாம் இதற்குள்ளே பதில் இருக்கிறது.

சூடான் 1956ல் பிரிட்டன், எகிப்து கூட்டாட்சியிலிருந்து விடுபட்டது. அதற்கு முந்தைய ஆண்டே தெற்கில் கலகம் தொடங்கிவிட்டது. வடக்கு அரபு மொழி, இஸ்லாம். தெற்கில் டிங்கா, நுவேர் என்று பல இனங்கள், கிறிஸ்தவமும் பழைய வழிபாடுகளும். அதிகாரமும் பணமும் வடக்கிலுள்ள தலைநகர் கார்த்தூமில். முதல் போர் 1972 வரை, நடுவில் ஓரளவு தன்னாட்சி, அதை அரசு பறித்ததும் 1983ல் இரண்டாம் போர். இரண்டாம் போரில் மட்டும் சுமார் இரண்டு மில்லியன் பேர் இறந்ததாகச் சொல்வார்கள், பெரும்பாலும் பஞ்சத்திலும் நோயிலும்.

2005 ஜனவரி 9ஆம் தேதி நைரோபியில் கையெழுத்தான சமாதான உடன்பாடு ஆறு ஆண்டு இடைக்காலம் என்றது, முடிவில் தெற்கு மக்கள் வாக்களிப்பார்கள். போராளித் தலைவர் ஜான் கராங் சூடானை உடைக்காமலே மாற்றலாம் என்று நம்பியவர். அதே ஆண்டு ஜூலையில் சூடானின் துணை அதிபரான மூன்றே வாரத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டார். அடுத்து வந்த சல்வா கீர் பிரிவினைப் பக்கம்.

2011 ஜனவரியில் வாக்கெடுப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் வாக்குச்சீட்டில் இரண்டு படம். கைகுலுக்கும் இரண்டு கைகள் என்றால் ஒன்றாக இருப்பது, உயர்த்திய ஒற்றைக் கை என்றால் பிரிவது. மைதொட்டு விரலால் அழுத்த வேண்டும். 98.83 விழுக்காடு ஒற்றைக் கை. ஜூலை 9ஆம் தேதி தெற்கின் தலைநகர் ஜூபாவில் கொடி ஏறியபோது, போர் நடத்திய அதே கார்த்தூமின் அதிபர் உமர் அல் பஷீர் மேடையில் உட்கார்ந்திருந்தார். முதலில் அங்கீகரித்த நாடும் சூடான்தான்.

சரி, எங்கே கெட்டது? அபியே என்ற எண்ணெய்ப் பகுதி யாருக்கு என்பதற்குத் தனி வாக்கெடுப்பு என்று எழுதினார்கள், யார் அங்கே வாக்காளர் என்பதில் தகராறு வந்து அது நடக்கவே இல்லை. எல்லைக்கோட்டில் பல இடம் தீராமலே கிடந்தது. எண்ணெயில் முக்கால் பங்கு தெற்கில், ஆனால் அதைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாய் வடக்கே போர்ட் சூடானுக்குப் போகிறது. அந்தக் குழாய்க்கு என்ன வாடகை? கொடி ஏறிய நாளில் அதற்கு விலையே பேசி முடிக்கவில்லை! அரை வருஷத்தில், கார்த்தூம் எங்கள் எண்ணெயை எடுத்துக்கொள்கிறது என்று சொல்லி ஜூபா கிணறுகளை மூடியது. அரசாங்க வருமானத்தில் ஏறக்குறைய முழுவதும் எண்ணெய்தான், அதையே நிறுத்தினால் சம்பளம் எங்கிருந்து வரும்?

இன்னொன்று இதைவிடக் கொடியது. விடுதலைப் படை ஒரே படையாக இல்லை, தளபதிக்கு ஒரு படை, இனத்துக்கு ஒரு படை. வடக்கு என்ற பொது எதிரி போனதும் 2013 டிசம்பரில் அதிபர் கீருக்கும் பதவி பறிக்கப்பட்ட துணை அதிபர் ரீக் மச்சாருக்கும் இடையிலான பதவிச் சண்டை, டிங்கா–நுவேர் வெட்டுக் குத்தாக மாறியது. அந்த ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 400,000 உயிர்கள் என்று ஒரு மதிப்பீடு. 2018ல் மறுபடியும் உடன்பாடு வந்தது. தேர்தலைத் தள்ளித் தள்ளி 2026 டிசம்பருக்குக் கொண்டுபோனார்கள். தென் சூடான் மக்கள் பிரிந்தது தவறு என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன், இரண்டு தலைமுறை அடிபட்டவர்கள் அவர்கள். தவறு, உயிர்நாடியான மூன்று விஷயத்தை, எல்லை, எண்ணெய்க் குழாய், படை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில்.

*

1965ல் நான் தொடக்கப்பள்ளி மாணவன். வானொலியில் கேட்டது நினைவிருக்கிறது. நாம் யாரும் பிரிவதற்கு வாக்களித்ததாக நினைவில்லையே? ஒரே நாளில் எப்படிப் பிரிந்தோம்?
– ஓய்வுபெற்றவர், அங் மோ கியோ

உங்கள் நினைவு சரிதான் ஐயா. நாம் வாக்களித்தது 1962 செப்டம்பரில், அதுவும் மலேசியாவோடு சேர்வதற்கு. சீட்டில் இருந்த மூன்று வழிகளுமே சேர்வதற்கான வழிகள், வேண்டாம் என்று சொல்ல இடமில்லை, அதனால் கால்வாசிப் பேர் வெற்றுச் சீட்டைப் போட்டார்கள். பிரிவதற்கு வாக்கெடுப்பே இல்லை. 1965 ஆகஸ்ட் 7ஆம் தேதியிட்ட உடன்பாடு ரகசியமாகத் தயாரானது. யாழ்ப்பாணத்தில் பிறந்த நம் அமைச்சர் எஸ். ராஜரத்தினமும் துணைப் பிரதமர் டோ சின் சாயும் கையெழுத்திடத் தயங்கியவர்கள், மலாயாவோடு ஒன்றாவது அவர்களுக்கு வாழ்நாள் கனவு. 9ஆம் தேதி காலை 10 மணிக்கு வானொலியில் பிரகடனம், கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் மசோதாவுக்கு ஆதரவு 126, எதிர்ப்பு பூஜ்யம். செப்டம்பர் 21ஆம் தேதி ஐநாவில் 117வது உறுப்பினர்.

ஆனால் ஒரே நாளில் பிரிந்தோம் என்பதை நான் ஏற்கவில்லை. பாகப்பிரிவினை முடிய 40 ஆண்டுக்கு மேல் ஆனது. நாணயம் பிரிந்தது 1967ல். விமான நிறுவனம் பிரிந்தது 1972ல். வெள்ளைப் பாறை எனும் பெட்ரா பிராங்கா தீவு யாருக்கு என்பது 2008 மே மாதம் ஹேக் நீதிமன்றத்தில்தான் தீர்ந்தது. மலாயா ரயில்வே நிலம்? தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கிளம்பியது, ஜொகூர் சுல்தானே ஓட்டிப்போனார். அதற்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தென் சூடானில் கொடி ஏறியது.

இத்தனை சச்சரவிலும் ஒன்றை மட்டும் அந்த ரகசிய அறையில் கோட்டை விடவில்லை: 1961, 1962 தண்ணீர் உடன்பாடுகளை மலேசியா மதிக்கும் என்ற உத்தரவாதம் பிரிவினை உடன்பாட்டுக்குள்ளேயே எழுதப்பட்டது, அந்த உடன்பாடு பின்னர் ஐநாவிலும் பதிவானது. 1962 உடன்பாடு 2061 வரை செல்லும். தண்ணீர் விலை பற்றி எத்தனையோ முறை வாக்குவாதம் வந்தது, குழாய் நிற்கவில்லை. தென் சூடானின் எண்ணெய்க் குழாயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜொகூர் கடற்பாலத்தின் ஓரமாக ஓடும் அந்தத் தண்ணீர்க் குழாய்கள்தான் கண்ணில் வரும்.

வாக்கெடுப்பில்லாமல் பிரிந்த இன்னொரு ஜோடி செக், ஸ்லோவாக்கியா. 1992 தேர்தலில் வென்ற இரு பக்கத் தலைவர்கள், கிளவுஸும் மெச்சியாரும், பேசி முடித்தார்கள். கருத்துக் கணிப்புகளில் பெரும்பாலான மக்கள் பிரிய விரும்பவில்லை, பிரிவினையை எதிர்த்த அதிபர் ஹாவெல் பதவி விலகினார். மக்களைக் கேட்காதது எனக்கு இன்றும் உறுத்தல்தான். ஆனால் பங்கிட்ட விதம் சுத்தம்: மக்கள்தொகைக் கணக்கில் இரண்டுக்கு ஒன்று. 1993 ஜனவரி 1ஆம் தேதி பிரிந்தார்கள், பிப்ரவரியில் நாணயம் பிரிந்தது, புதிய நோட்டு அச்சாகும் வரை பழைய நோட்டின் மீதே தபால்தலை மாதிரி ஒட்டுவில்லை ஒட்டி இது செக், இது ஸ்லோவாக் என்று புழங்கினார்கள்.

*

முக்குளிப்பதற்குப் பலாவ் போகப் போகிறோம். அங்கே அமெரிக்க டாலர், பாதுகாப்பும் அமெரிக்கா. அப்படியென்றால் அது தனி நாடுதானா?
– வாசகி, பாசிர் ரிஸ்

தனி நாடுதான், 1994 அக்டோபர் 1 முதல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் பொறுப்பில் ஐநா விட்டுவைத்த பசிபிக் தீவுப் பகுதி அது. அமெரிக்காவுடன் தடையற்ற கூட்டு உடன்பாடு போட்டால் பணமும் பாதுகாப்பும் கிடைக்கும். ஆனால் பலாவ் மக்கள் தங்கள் அரசமைப்பில் அணு ஆயுதத்தை நாட்டுக்குள் விடுவதற்கு 75 விழுக்காடு வாக்கு வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். அணு ஆயுதத்தோடு வரக்கூடிய அமெரிக்கப் போர்க்கப்பல்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைக்கும், 75 கிடைக்காது. கடைசியில் அரசமைப்பையே திருத்தி 1993ல், எட்டாவது வாக்கெடுப்பில்தான் உடன்பாடு தேறியது. இப்படி ஐநா பிற நாடுகளின் பொறுப்பில் விட்ட அறங்காவல் பகுதிகளும் பலாவோடு முடிந்தன, அதைக் கவனித்த மன்றம் அடுத்த மாதமே வேலையை நிறுத்தியது. ஒரு குட்டித் தீவு இவ்வளவு காலம் விட்டுக்கொடுக்காமல் நின்றது என்பதை அங்கே முக்குளிக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

*

மக்கள் வாக்களித்துவிட்டால் எந்தப் பகுதியும் பிரிந்துவிடலாமா?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, உட்லண்ட்ஸ்

முடியாதும்மா. 2017 செப்டம்பரில் ஈராக்கின் குர்திஸ்தானில் 92 விழுக்காட்டுக்கும் மேல் சுதந்திரத்துக்கு வாக்களித்தார்கள். பாக்தாத் ஒத்துக்கொள்ளவில்லை, அண்டையிலுள்ள துருக்கியும் ஈரானும் எதிர்த்தன, சில வாரத்தில் கிர்குக் எண்ணெய் நகரத்தையே குர்திகள் இழந்தார்கள். அடுத்த மாதம் கட்டலோனியா வாக்களித்தது, ஸ்பெயின் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, தலைவர்கள் சிறைக்கோ வெளிநாட்டுக்கோ போனார்கள். ஸ்காட்லாந்தை இதோடு வைத்துப் பாருங்கள். லண்டன் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கெடுப்பு அது. 2014ல் 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்றிருந்தால் பிரிட்டன் அதை ஏற்றிருக்கும்.

எரித்ரியா 30 வருஷம் எத்தியோப்பியாவோடு போரிட்டது. 1991ல் போரில் வென்றார்கள், அதே சமயத்தில் எத்தியோப்பியாவிலும் ஆட்சி கவிழ்ந்தது, புதிதாக வந்தவர்கள் வாக்கெடுப்புக்குச் சம்மதித்தார்கள். 1993ல் 99.8 விழுக்காடு, மே மாதமே சுதந்திரம், ஐநா எல்லாம். ஆனால் எல்லைக்கோட்டை முறையாக அளந்து கல் நடவில்லை. 1998ல் பாட்மே என்ற சிற்றூருக்காகப் போர் வெடித்து இரண்டு பக்கமும் பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். வாக்குப்பெட்டி உரிமையைத் தரும். விட்டுப்போகும் நாட்டின் கையெழுத்தும், என்னென்ன யாருக்கு என்ற பட்டியலும் இல்லாவிட்டால் அந்த உரிமையை வைத்துக் குடும்பம் நடத்துவது கடினம்.

*

அடுத்த நாடு எது என்று நினைக்கிறீர்கள்?
– வாடகை வண்டி ஓட்டுநர், புக்கிட் பாத்தோக்

பூகன்வில். பாப்புவா நியூ கினியின் கிழக்கே, சாலமன் தீவுகளை ஒட்டிய தீவு, ஏறத்தாழ 300,000 பேர். அங்கே பங்குனா என்ற மாபெரும் செம்புச் சுரங்கம் 1972 முதல் நாட்டுக்கே சோறு போட்டது. ஆற்றில் கழிவு, கையில் சில்லறை என்று தவித்த நில உரிமையாளர்கள் 1988ல் மின்கோபுரங்களைத் தகர்த்தார்கள், அடுத்த ஆண்டு சுரங்கம் மூடியது, பத்து வருஷப் போரும் முற்றுகையும் 20,000 உயிர் வரை வாங்கின என்பார்கள். 2001 உடன்பாட்டில் தன்னாட்சி, ஆயுத ஒப்படைப்பு, பிறகு வாக்கெடுப்பு என்று வரிசையாக எழுதினார்கள். 2019 இறுதியில் வாக்கெடுப்பு நடந்தது, தனி நாட்டுக்கு 176,928, கூடுதல் தன்னாட்சிக்கு 3,043. அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் பெர்ட்டி ஆஹெர்ன் ஆணையத்துக்குத் தலைவராக இருந்து நடத்திய ஒழுங்கான வாக்கெடுப்பு.

ஆனால் அதே 2001 உடன்பாடு கடைசி வார்த்தையை பாப்புவா நியூ கினியின் தலைநகரான போர்ட் மோர்ஸ்பியின் நாடாளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. பூகன்வில் தலைவர்கள் 2027 செப்டம்பர் 1ஆம் தேதியை இலக்காகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் தேதியைப் பார்க்க வேண்டாம் அண்ணே, இரண்டு காகிதத்தைப் பாருங்கள்: போர்ட் மோர்ஸ்பியின் ஒப்புதல் தீர்மானம் ஒன்று, பங்குனா மறுபடி திறந்தால் வருமானம் யாருக்கு எவ்வளவு என்ற உடன்பாடு மற்றொன்று. இரண்டும் கையெழுத்தான பிறகு கொடி ஏறினால் 194வது நாற்காலி அவர்களுக்குத்தான் என்று தாராளமாக நம்பலாம்.